ஐப்பசி, கார்த்திகைல வீட்டுக்குள்ள நிதானமா வாழ்றது எப்படி: வேலூர்க்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அக்டோபர் நடுவுல இருந்து டிசம்பர் நடு வரைக்கும், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும், இந்த ரெண்டு மாசத்த வீட்டோட ஓடாம பொறுமையா கழிக்கணும்னு ஆசப்படுறவங்களுக்காக எழுதுறேன். இப்போ ஸ்லோ லிவிங்னு சொல்றாங்களே, அதேதான். சாத்துவாச்சாரி, காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆரணி, எந்த ஊரா இருந்தாலும் இது ஒத்து வரும், அபார்ட்மென்ட்ல இருக்கறவங்களுக்கு மொட்டை மாடி சமாச்சாரம் மட்டும் கொஞ்சம் மாறும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்கள பாத்தா எல்லாரும் கடைசி ஸ்டெப்ல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. ஃபோன ஆஃப் பண்றாங்க, வாசனை மெழுகுவத்தி ஆர்டர் போடுறாங்க, காபி டம்ளரோட ஜன்னலாண்ட உக்கார்றாங்க, நாலு நாள் நல்லாதான் போகுது, அப்புறம் மாடில தண்ணி தேங்கி பெட்ரூம் சுவரு ஊறுது, துவைச்ச துணி நாறுது, பருப்புல வண்டு, கேஸ் தீந்துபோச்சு, தீபாவளிக்கு லாங் பஜார் கூட்டத்துல போய் இடிபட வேண்டியிருக்கு. அதோட விட்டுடுறாங்க. அதனால வரிசைய மாத்தாதீங்க: மொதல்ல வீடு காயணும், அப்புறம் வெளி வேலை குறையணும், அப்புறம் வெளிச்சமும் சாப்பாடும், ஃபோன் எல்லாம் அப்பால.

1. மழை எப்படி வரும்னு பாத்து நாள பிரிங்க

ஆகஸ்ட் செப்டம்பர்ல நம்ம பக்கம் பகல்ல வெயில் கொளுத்தும், சாயங்காலமோ ராத்திரியோ இடி மின்னலோட கொட்டிட்டு நின்னுடும். ஐப்பசி பாதிக்கு மேல அப்படி இல்ல. வங்கக்கடல்ல ஒரு காத்தழுத்த தாழ்வு உண்டாச்சுனா ரெண்டு மூணு நாள் சூரியனே எட்டிப் பாக்காது, நசநசனு தூறிக்கினே இருக்கும், அப்புறம் திடீர்னு ரெண்டு நாள் பளிச்சுனு வெயில் அடிக்கும்.

இதனால இந்த ரெண்டு மாசத்துக்கு திங்கள் செவ்வாய்னு டைம்டேபிள் போடுறது வேலைக்கு ஆகாது. நாள ரெண்டா பிரிச்சுக்கோங்க, வெயில் நாள், மூட்டமான நாள். வெயில் நாள் வேலைக்கு, மூட்டமான நாள் உக்கார்றதுக்கு. நெறைய பேர் இத தலைகீழா பண்றாங்க, ஞாயித்துக்கிழமை வெயில் அடிச்சாலும் பத்து மணி வரைக்கும் தூங்கிட்டு, புதன்கிழமை தூறல்ல ரெயின்கோட் போட்டுக்கினு ரேஷன் கடைக்கு ஓடுறாங்க.

ஆபீஸ் போறவங்களுக்கு வானத்த பாத்து லீவு போட முடியாது, தெரியும். வெயில் நாள்ல ஒரு அரை மணி நேரம் முன்னாடி எந்திரிச்சு துணியும் மெத்தை விரிப்பும் மாடிக்கு போயிட்டா போதும், மீதி தானா நடக்கும்.

ஏரிக்கரை பக்கமோ பாலாத்து ஓரமோ தாழ்வான இடத்துல வீடு இருந்தா ஒரு வேலை கூடுதலா இருக்கு. 2021 நவம்பர்ல பாலாறு போன போக்க பாத்தவங்களுக்கு சொல்லத் தேவையில்ல. பத்திரம், ஆதார், பசங்க சர்டிபிகேட் எல்லாத்தையும் ஒரே பிளாஸ்டிக் கவர்ல போட்டு பரண்ல வச்சுட்டுதான் மத்தத யோசிக்கணும், பயம் தீராத வீட்ல நிதானம் வராது.

2. புரட்டாசி கடைசி வாரம்: மாடியும் தண்ணி போற வழியும்

இந்த ஒரு வாரம் மட்டும் ஓட்டமா ஓடணும். இத தள்ளிப் போட்டா ஐப்பசி பூரா அதுக்கு வட்டி கட்டணும்.

மொதல் வேலை மாடில மழைத்தண்ணி எறங்குற குழாய் வாய். வேப்பிலை சருகு, காக்கா கொண்டாந்து போட்ட எலும்பு, பழைய துணி கிளிப்பு, பால் கவர், எல்லாம் அங்கதான் போய் அடைக்கும். கையால எடுத்துட்டு ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி பாருங்க, சுழிச்சுக்கினு எறங்குனா சரி, குட்டை மாதிரி நின்னா கீழ வளைவுல அடைப்பு இருக்கு, அதுக்கு ஆள கூப்புடுங்க. வாயில ஒரு ஜாலி, அதான் கம்பி வலை, வச்சுடுங்க.

அடுத்தது விரிசல். மாடி பரப்புல தண்ணி ஊத்தி விட்டு அரை மணி கழிச்சு பாத்தா பரப்பு எல்லாம் காஞ்சிருக்கும், விரிசல் மட்டும் கருப்பு கோடா ஈரமா தெரியும். சாக்பீஸால குறிச்சு வச்சுக்கினு கிராக் ஃபில்லர் பூசுங்க. பூசுறதுக்கு முன்னாடி அந்த எடம் நல்லா காஞ்சிருக்கணும், ஈரத்துல பூசுனா மொதல் மழைக்கே பேத்துக்கினு வரும். புரட்டாசி வெயில் இருக்கும்போதே பண்ணச் சொல்றது இதுக்குத்தான்.

ஓட்டு வீடா இருந்தா ஓடு மாத்துற ஆள இப்பவே புடிச்சுடணும். மொத மழை பேஞ்ச மறுநாள் அவரு கெடைக்கவே மாட்டாரு.

அப்புறம் கொசு. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு சாக்கடைல இல்ல, நல்ல தண்ணிலதான் முட்டை போடும், முட்டைல இருந்து பறக்குற கொசுவா ஆக ஒரு வாரத்துல இருந்து பத்து நாள் ஆகும். அதனால வாரத்துல ஒரு நாள் தொட்டி, டிரம், செடித்தட்டு, ஃபிரிட்ஜுக்கு பின்னாடி இருக்குற தட்டு எல்லாத்தையும் கவுத்து தேய்ச்சு கழுவுங்க. தண்ணிய மட்டும் கீழ ஊத்துனா போதாது, முட்டை பாத்திர ஓரத்துல ஒட்டிக்கினு இருக்கும், தேங்காய் நாரு போட்டு தேய்க்கணும்.

3. சமையக்கட்டு சாமான காய வைக்கிறது

மூட்டமான நாள்ல கடைக்கு ஓடாம இருக்கணும்னா வீட்ல இருக்குறது கெடாம இருக்கணும். இதுல வரிசை முக்கியம்.

பருப்பு வகை, புளி, காஞ்ச மிளகா, மல்லி எல்லாம் நேர் வெயில்ல பழைய வேட்டி விரிச்சு காயட்டும். அரிசிய மட்டும் வெயில்ல போடாதீங்க, வெடிச்சு நொய்யா போயிடும், நிழல் காத்துல பரப்புனா போதும். குழம்பு மிளகாத்தூள் அரைக்கணும்னா காய வச்ச சூட்டோட மில்லுக்கு கொண்டு போங்க, மிளகா மொறுமொறுனு இருந்தாதான் தூள் நைசா வரும், நமுத்துப்போனா மெஷின்லயே ஒட்டும்.

இங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு, சாயங்காலம் அள்ளுன சூட்டோட டப்பால போட்டு இறுக்கி மூடுறது. உள்ள இருக்குற சூடு ராத்திரி குளுந்ததும் மூடில நீர் பூக்கும், காய வச்ச புண்ணியமே போச்சு. முறத்துல பரப்பி ரெண்டு மணி நேரம் ஆற விட்டு, கையில எடுத்தா சூடே தெரியாம இருக்கும்போது போடுங்க. பருப்புல ரெண்டு காஞ்ச மிளகா, அரிசில காஞ்ச வேப்பிலை.

கல்லுப்பு ஜாடியில இருக்கட்டும், பிளாஸ்டிக் டப்பாவும் ஸ்டீல் கரண்டியும் வேணாம். அப்பளம் வடாமெல்லாம் சின்ன சின்ன டப்பாவா பிரிச்சு வைங்க, பெரிய டப்பாவ ஒவ்வொரு தடவையும் தொறந்தா உள்ள ஈரக்காத்து பூந்து மொத்தமும் நமுத்துடும்.

பட்டுப்புடவை இருந்தா அதையும் இதே வாரத்துல எடுங்க. ஆனா வெயில்ல இல்ல, ரூமுக்குள்ள ஃபேன் காத்துல. மடிப்ப மாத்தி மடிச்சு, பழைய காட்டன் துணில சுத்தி வைங்க. பழைய மடிப்புலயே வருஷக்கணக்கா இருந்தா ஜரிகை அந்த கோட்டுலதான் கிழியும்.

4. துணி

மழைக்காலத்துல வீட்டோட மூட கெடுக்குறது இந்த துணிதான், அதனால தனியா எழுதுறேன்.

வாரம் பூரா சேத்து வச்சு ஞாயித்துக்கிழமை மூணு தடவை மெஷின் ஓட்டுற பழக்கத்த இந்த ரெண்டு மாசம் விட்டுடுங்க. தெனம் கொஞ்சம், காலைல ஏழு மணிக்குள்ள. கொஞ்சமா இருந்தா துணிக்கு துணி இடம் விட்டு போடலாம், காயும். ஸ்பின் மட்டும் இன்னொரு தடவ போட்டுக்கோங்க.

உள்ள கொடி கட்டுறதா இருந்தா ஹால்ல ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவுல காத்து போற வழியில கட்டுங்க. பெட்ரூம்ல கதவ சாத்திக்கினு காய வச்சா அந்த தண்ணி எல்லாம் சுவத்துக்கும் மெத்தைக்கும்தான் போகும், பீரோவுக்கு பின்னாடி பச்சையா பூசணம் பூக்குறது இப்படித்தான்.

டர்க்கி டவல எல்லாம் மடிச்சு உள்ள வச்சுடுங்க. ஈரிழை துண்டு போதும், அரை நாள்ல காஞ்சுடும், மறுநாள் குளிக்கும்போது வாடை வராது. சின்ன விஷயம்தான், ஆனா இத மாத்துன வீட்ல கொடில பாதி எடம் காலியாகுறத பாக்கலாம்.

5. வெளி வேலைய ஒரே நாளுக்குள்ள அடக்குறது

நிதானம்ங்கிறது வீட்ல என்ன பண்றோங்கிறதுல இல்ல, எத்தன தடவ செருப்பு மாட்டுறோங்கிறதுலதான் இருக்குனு நான் சொல்வேன். ஒரு வாரம் நோட்ல எழுதி பாருங்க, பாதி தடவ கொத்தமல்லிக்கும் பேட்டரிக்கும்தான் போயிருப்பீங்க.

அடுப்பாங்கரைல ஒரு சிலேட்டோ காலண்டர் பின்பக்கமோ மாட்டி, தீந்தது, வேணுங்கிறது எல்லாம் அதுல எழுதுங்க. வாரத்துல வர்ற மொதல் வெயில் நாள்ல ஒரே சுத்துல முடிக்கணும். கரென்ட் பில்லு, கேஸ் புக்கிங், மாத்திரை இதெல்லாம் தேதி வர்றதுக்கு முன்னாடியே.

காய்கறிக்கு நேதாஜி மார்க்கெட் போறவங்க இந்த சீசன்ல வாங்குற லிஸ்ட்ட மாத்தணும். தொடர்ந்து மழை பேஞ்சா கீரை சேறும் பூச்சியுமா வரும், ரெண்டாவது நாள் அழுகும், தக்காளி விலை ஏறும். சேப்பங்கிழங்கு, கருணை, பூசணி, வாழைக்காய், சின்ன வெங்காயம் இதெல்லாம் வாரம் தாங்கும். இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா கெடச்சா விடாதீங்க, ஆனா ரெண்டு நாளைக்கு மட்டும், ஃபிரிட்ஜுல வச்சா அதோட ருசி போயிடும். தக்காளிக்கு பதிலா புளி, இல்லனா மிளகு ரசம்னு பழகிட்டா விலைய பாத்து டென்ஷன் ஆக வேண்டாம்.

தீபாவளி சாமான் விஷயத்துல கண்டிப்பா இருங்க. துணிமணி புரட்டாசிலயே. நம்ம பக்கம் நெறைய வீட்ல கேதார கௌரி நோன்பு இருக்குறதால அதிரச மாவு வேற இருக்கு, அரிசி ஊற வச்சு, நிழல்ல உலத்தி, இடிச்சு, பாகு ஊத்தி ரெண்டு மூணு நாளாவது ஊறணும், அது அவசரப்படாத வேலை. மூட்டமான நாள்ல அரிசி உலர நேரம் புடிக்கும், அதையும் சேத்து கணக்கு போட்டு நோன்புக்கு ஒரு அஞ்சு நாள் முன்னாடி ஆரம்பிங்க. முந்தின நாள் மாவு புடிச்சு எண்ணெயில போட்டா அதிரசம் பிரிஞ்சு போய் சட்டி பூரா மிதக்கும்.

6. சாயங்காலம்: வெளிச்சமும் கொசுவும்

ஜூன்ல ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும், நவம்பர்ல 5:40க்கெல்லாம் சூரியன் எறங்கிடும். ஒரு மணி நேரம் கொறஞ்சு போகுது, ஆனா நம்ம பழக்கம் ஜூன்லயே நிக்குது, அதான் இந்த சீசன்ல ராத்திரி நீளமா இழுக்குற மாதிரி இருக்கு. டியூப்லைட்ட பட்டுனு போட்டுக்கினு டிவி முன்னாடி உக்காந்தா ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் வித்தியாசமே தெரியாது.

5:15க்கு ஜன்னல சாத்துங்க, கொசு உள்ள வர்ற நேரம் அது. ஏழு ஏழரைக்கு மேல வலை அடிச்ச ஜன்னல மட்டும் தொறந்து விடுங்க, நாள் பூரா மூடி வச்சா உள்ள ஈரம் தங்கும். நொச்சி தழை புகை போடுறதா இருந்தா வாசல்லயும் தோட்டத்துலயும் போடுங்க, மூடுன ரூம்ல போடாதீங்க, வீசிங் இருக்குறவங்களுக்கும் கைக்குழந்தைக்கும் கொசுவ விட அது மோசம்.

ஹால்ல டியூப்லைட்ட அணைச்சுட்டு மஞ்ச வெளிச்சம் தர்ற பல்பு, 2700 இல்ல 3000 கெல்வின்னு டப்பாவுல போட்டிருக்கும், அதுல 5 வாட்ஸ் 7 வாட்ஸ் ஒண்ணு ரெண்டு போதும். தலைக்கு மேல வேணாம், உக்காந்தா தோள் ஒசரத்துக்கு வர்ற மாதிரி ஒரு மூலைல. படிக்கிற பசங்களுக்கும் காய் நறுக்குற எடத்துக்கும் மட்டும் வெள்ளை வெளிச்சம் இருக்கட்டும், அங்க போய் அழகு பாக்காதீங்க.

கார்த்திகை பொறந்ததும் தெனம் வாசல்ல அகல் ஏத்துற வீடுங்களுக்கு ஒரு விஷயம். புது அகல வாங்குன கையோட எண்ணெய் ஊத்துனா பாதி எண்ணெய மண்ணே குடிச்சுடும், அடியில கசிஞ்சு படிக்கட்டெல்லாம் பிசுபிசுக்கும். ராத்திரி தண்ணில ஊறப்போட்டு மறுநாள் நல்லா காய வச்சு அப்புறம் ஏத்துங்க. திரி தடியா இருந்தா புகையும், பஞ்ச மெல்லிசா திரிச்சு நுனி கொஞ்சம் மட்டும் வெளிய இருக்கட்டும். ஒரு அகல் எண்ணெய் தீந்து அணையுற வரைக்கும் வாசப்படியில உக்காருங்க, டைமர் வைக்கத் தேவையில்ல.

7. சாப்பாடு: மாவும் களியும்

மழை வந்தா பஜ்ஜி போண்டானு எல்லாரும் எண்ணெய்ச்சட்டி வைக்கிறாங்க. வாரத்துல ஒரு தடவ சரி. தெனம் போட்டா சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும் ஒருத்தர் அடுப்பாண்டயே நிக்கணும், அது ஸ்லோ லிவிங் இல்ல, டீக்கடை.

இட்லி மாவ சாயங்காலம் ஆட்டி காலைல ஊத்துற கணக்கு கோடையோட போச்சு. கோடைல ஆறேழு மணி நேரத்துல பொங்குறது கார்த்திகை குளிர்ல பத்து பன்னெண்டு மணி நேரம், சில நாள் அதுக்கும் மேல ஆகும். மதியமே ஆட்டுங்க, கையால கரைங்க, பழைய மாவு ஒரு கரண்டி சேத்துக்கோங்க, அடுப்புக்கு பக்கத்துல மேடையில வைங்க.

இந்த சீசனுக்கு ராத்திரி சாப்பாடுனா என் ஓட்டு கேழ்வரகு களிக்குத்தான். ஒரே சட்டி, சூடு நேரம் நிக்கும், தொட்டுக்க கருவாட்டுக் குழம்போ கீரையோ காராமணிக் குழம்போ எது இருந்தாலும் போதும். ஆனா புதுசா கிளர்றவங்க கட்டி கட்டியா பண்ணிட்டு கேழ்வரக திட்டுறாங்க. தப்பு கிளர்ற நேரத்துலதான்.

ஒரு டம்ளர் மாவுக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி, ஊற வச்ச நொய் ஒரு கைப்பிடி. நொய் குழைய வெந்தப்புறம் உப்பு போட்டு, மாவ நடுவுல குவியலா கொட்டுங்க. கொட்டிட்டு கிளறாதீங்க. துடுப்பு காம்பால குவியலுக்கு நடுவுல ஒரு ஓட்டை போட்டு, தீய கொறச்சு, மூடி வச்சு பத்து நிமிஷம் விடுங்க. அந்த ஓட்டை வழியா கஞ்சி கொதிச்சு மேல வந்து மாவு உள்ளுக்குள்ளயே வேகும். வேகாத மாவ கிளறுனா வெளிப்பக்கம் பசையாகி உள்ள பச்ச மாவு மாட்டிக்கும், கட்டினா அதான்.

பத்து நிமிஷம் கழிச்சு சட்டிய கீழ எறக்கி, ஒருத்தர் புடிச்சுக்க இன்னொருத்தர் துடுப்பால அழுத்தி கிண்டணும். தண்ணி தொட்ட கையால தொட்டா ஒட்டக்கூடாது. ஈரத்தட்டுல போட்டு உருட்டிடுங்க. தனியா கிண்ட கஷ்டம், அதுவும் நல்லதுக்குத்தான், ஹால்ல உக்காந்திருக்குற ஆள உள்ள கூப்புட இத விட நல்ல சாக்கு கெடையாது.

8. யாருக்கு நிதானம்னு கேளுங்க

இத பத்தி யாரும் எழுத மாட்டேங்குறாங்க. மாடி வீட்டு அக்கா போன மழைக்கு சொன்னத அப்படியே போடுறேன்: "இன்னாம்மா, வீட்ல எல்லாரும் ஸ்லோ ஸ்லோன்னு சொல்லிக்கினு என்ன மட்டும் அடுப்பாண்ட நிக்க வுட்டுட்டாங்க. ரெண்டு மணிக்கு ஒருக்கா சுக்கு காபி."

ஒரு வீட்ல நாலு பேரு சாஞ்சு உக்காரணும்னா அஞ்சாவது ஆளு ஓடிக்கினு இருக்காங்கனு அர்த்தம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் உக்காந்து பேசி பிரிச்சுக்கோங்க. காலைல துணி யாரு, தொட்டி கழுவுறது யாரு, ராத்திரி பாத்திரம் யாரு. சாயங்காலம் ஒரு தடவ பெரிய ஃபிளாஸ்க்ல காபியோ சுக்கு மல்லி காபியோ போட்டு வச்சா முடிஞ்சுது, வேணுங்கிறவங்க ஊத்திக்கட்டும்.

மாமியார் மாமனார் இருக்குற வீட்ல இன்னொரு சிக்கல், அவங்க நேரம் ஏற்கனவே நிதானமாத்தான் இருக்கும், நம்ம போய் அவங்க ரேடியோவ அணைச்சு அமைதியா இருங்கனு சொல்லக்கூடாது. அவங்க ஓட்டத்துல நம்ம போய் சேந்துக்கறதுதான் சுலபம்.

9. ஃபோன்: இப்பதான்

மேல இருக்குறது எல்லாம் ஓரளவு ஓடுனதுக்கு அப்புறம் ஃபோன்ல கை வைங்க. வெளி வேலை குறையாம ஃபோன மட்டும் மூடுனா கேஸ்காரர் கால மிஸ் பண்ணிட்டு சண்டதான் வரும்.

இந்த சீசன்ல ஃபோன புடிச்சு வைக்கிறது ரெண்டு விஷயம். ஒண்ணு மழை மேப்பு, இன்னொண்ணு "நாளைக்கு லீவா?". ராத்திரி எட்டு மணிக்கு மேல ஸ்கூல் பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ப பாத்திருப்பீங்களே, பக்கத்து மாவட்டம் லீவு விட்டாச்சாம், நம்ம கலெக்டர் இன்னும் சொல்லலையாம், போன வருஷ நியூஸ் கார்ட ஒருத்தர் ஃபார்வர்ட் பண்ணுவாரு, அதுக்கு நாப்பது பேரு நன்றி சொல்லுவாங்க. பசங்க யூனிபார்ம அயர்ன் பண்றதா வேணாமானு வீடே காத்துக்கெடக்கும்.

தீர்வு சிம்பிள். வீட்ல ஒரே ஒரு ஆளு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவ, காலைல ஆறு மணிக்கு ஒரு தடவ, வானிலை மையம் அறிவிப்பும் கலெக்டர் அறிவிப்பும் பாத்து சொல்லணும். மத்தவங்க பாக்கக்கூடாது. லீவு இருக்குனே நம்பாம பை எடுத்து வச்சுட்டு படுங்க, லீவு விட்டா லாபம்.

ஃபோனுக்கு ஒரு எடம் வைங்க, சாமி ரூம் பக்கமோ டிவி ஸ்டாண்டோ, சார்ஜர் அங்க மட்டும். இடி மின்னல்னா கரென்ட் எப்ப போகும்னு தெரியாது, அதனால மேகம் கட்டுனதுமே ஃபோனும் எமர்ஜென்சி லைட்டும் சார்ஜ் ஏறிடணும், அப்புறம் பிளக்க புடுங்கி வச்சுடுங்க.

10. கைக்கு ஒரு வேலை: மாவளி

ஃபோன வச்சுட்டு சும்மா உக்காருங்கனு சொன்னா பெரியவங்களாலயே பத்து நிமிஷம் முடியாது, பசங்களால எப்படி முடியும். கை சும்மா இருந்தா மனசு ஃபோனுக்குத்தான் போகும். வேர்க்கடலை தோல் உரிக்கிறது, கனகாம்பரம் கட்டுறது, தாயம், பல்லாங்குழி எதுவும் நல்லதுதான். ஆனா கார்த்திகை தீபத்துக்கு முடியுற மாதிரி, வாரக்கணக்குல இழுக்குற ஒரு வேலை வேணும்னா வீட்லயே மாவளி பண்ணுங்க. நம்ம பக்கத்து கிராமங்கள்ல தீபத்தன்னைக்கு பசங்க தீப்பொறி கொட்ட கயித்துல கட்டி சுத்துறது அதான்.

ஆண் பனையோட காஞ்ச பூ, அதான் பனம்பூ, மழை புடிக்கறதுக்கு முன்னாடியே சேத்து மழை படாத எடத்துல வச்சுடணும், இதுதான் எல்லாரும் கோட்டை விடுற எடம். ஈரப்பூ கரியாகாது, புகைஞ்சு சாம்பலாத்தான் போகும்.

வெயில் நாள் ஒண்ணுல சின்ன குழி வெட்டி பூவ போட்டு கொளுத்துங்க. நல்லா தணலா ஆனதும், சாம்பலாகறதுக்குள்ள, மண்ண போட்டு மூடிடணும். காத்து போகாம இருந்தாதான் கரியா நிக்கும். மறுநாள் தோண்டி எடுத்து அம்மியிலயோ உரல்லயோ நைசா பொடி பண்ணுங்க, கொரகொரனு இருந்தா பொறியா கொட்டாம கட்டி கட்டியா தெறிச்சு விழும்.

பொடிய பழைய காட்டன் துணில வச்சு வெரல் தடிக்கு இறுக்கி சுருட்டி நூலால கட்டணும், பாலியஸ்டர் கலந்த துணி வேணாம், உருகி ஒட்டும். பச்சைப் பனை மட்டைய மூணா பொளந்து நடுவுல இந்த சுருட்ட வச்சு ரெண்டு பக்கமும் கட்டி, ஒரு முழத்துக்கு மேல கயிறு விட்டுடுங்க. நுனியில நெருப்பு வச்சு, கனல் புடிச்சதும் தலைக்கு மேல சுத்துனா பொறி வட்டமா கொட்டும்.

சுத்துறது வெட்டவெளியில மட்டும், வைக்கப்போர் இருக்குற பக்கம் வேணவே வேணாம், காட்டன் டிரஸ் போட்டுக்கினு பெரியவங்க ஒருத்தர் பக்கெட் தண்ணியோட நிக்கணும். அபார்ட்மென்ட்காரங்க பண்ற வரைக்கும் வீட்ல பண்ணிட்டு சுத்துறதுக்கு ஊருக்கு போயிடுங்க, பால்கனியில ட்ரை பண்ணாதீங்க.

11. நடுவுல சோர்ந்து போனா, அப்புறம் மார்கழி வந்தா

ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஒரு அலுப்பு வரும். பெரும்பாலும் அது மனசு சம்பந்தப்பட்டது இல்ல, வீடு ஈரம் புடிச்சிருக்கும், வெயில் பட்டிருக்க மாட்டீங்க. மொதல் வெயில் வந்ததும் எல்லா கதவையும் தொறந்து, தலகாணி போர்வை எல்லாம் மாடியில போட்டு, நீங்களும் கூட உக்காருங்க. அன்னைக்கு நோ ஸ்லோ லிவிங், வேலை மட்டும். அப்பவும் சரியாகலனா ஸ்டெப் 5ஐயும் 8ஐயும் திரும்ப பாருங்க, வெளி வேலை திரும்ப கூடியிருக்கும், இல்ல ஒருத்தர் தலையில மொத்தமும் ஏறியிருக்கும்.

டிசம்பர் 16, 17 வாக்குல மார்கழி பொறக்கும், அப்ப எல்லாம் மாறிடும். மழை குறையும், பனி எறங்கும், கோலம் போடுற வீட்ல நாலரைக்கே எந்திரிக்கணும். சாயங்காலம் வெளிச்சத்துல நீட்டி உக்காந்து பழகுன வீடு திடீர்னு அதிகாலைக்கு மாறாது. அதனால கார்த்திகை கடைசி வாரத்துல இருந்தே ராத்திரி சாப்பாட்ட தெனம் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகத்தி ஏழரைக்குள்ள முடிச்சுடுங்க, இல்லனா கோலம் போடுறவங்களுக்கு மட்டும்தான் தூக்கம் கெடும்.